விமானத்தில் வெறுங்கால்: எதுவரை சரி?

ஜன்னலோரம்:

போன வாரம் 9 மணி நேர இரவுப் பயணம். எனக்கு ஜன்னல் பக்கம் சீட். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இடது முழங்கையில் ஏதோ பட்டது. போர்வை நழுவுகிறது என்று நினைத்துக் கையை நகர்த்திக்கொண்டேன். மறுபடியும் பட்டது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பாதம். பின் சீட்டுக்காரர் என் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகக் காலை நீட்டி, குதிகாலை என் கைப்பிடியில் ஊன்றியிருந்தார். சாக்ஸ் இல்லை.

இருமிப் பார்த்தேன். சீட்டைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தேன். கால் நகரவில்லை, ஆள் அசந்து தூங்குகிறார். எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. மிச்ச நேரம் முழுக்க வலது பக்கமே ஒண்டி உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காலையில் அவர் அதே வெறுங்காலோடு டாய்லெட் போய்விட்டு வந்ததையும் பார்த்தேன். வந்து உட்கார்ந்ததும் கால் மறுபடி கைப்பிடிக்கு வந்துவிட்டது.

ஷூவைக் கழற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் கழற்றுகிறவன்தான். ஆனால் எங்கே கோடு போடுவது? இப்படி நடந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள்? அந்தக் கைப்பிடியில் கை வைத்துவிட்டு அப்படியே சாப்பிட்டேன். அதனால் உடம்புக்கு ஏதாவது வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நேர்பேச்சு:

என் பதில் சுருக்கமானது. விமானத்தில் யாரும் ஷூவைக் கழற்றக் கூடாது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் கழற்றாமல் வருகிறோம், அலுவலகத்தில் 8 மணி நேரம் கழற்றாமல் இருக்கிறோம். விமானத்தில் மட்டும் ஏன் முடியாது? கழற்றலாம் என்று விட்டால் அடுத்து சாக்ஸ் போகும், அப்புறம் கால் கைப்பிடிக்கு வரும். தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டால் பிரச்சினையே இல்லை.

---

நீளக்கால்:

நேர்பேச்சு நண்பரே, இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் உயரம் 190 செ.மீ. சாதாரண வகுப்பில் ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் உள்ள தூரம் 28 முதல் 32 அங்குலம். அதில் சீட்டின் தடிமன் போக மிச்சம்தான் என் முழங்காலுக்கு. நாலு மணி நேரம் கழிந்தால் என் பாதம் வீங்கி ஷூவுக்குள் இறுக ஆரம்பித்துவிடும். அலுவலகத்தில் எழுந்து நடக்கிறோம், விமானத்தில் அப்படி நடக்க முடிவதில்லை. கழற்றினால்தான் எனக்கு மூச்சே வருகிறது.

ஆனால் ஜன்னலோரம் சொன்னது வேறு விஷயம். என் காலுக்கு இடம் போதவில்லை என்பதற்காக இன்னொருவர் இடத்தை நான் எடுத்துக்கொள்ள முடியாது. என் சீட்டுக்கு முன்னால் தரையில் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் என் காலுக்கு. கைப்பிடி முன் சீட்டுக்காரருடையது, அதில் பேச்சே இல்லை.

---

பறந்தவள்:

11 வருடம் விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தேன், இப்போது விட்டுவிட்டேன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஷூவைக் கழற்றுவது எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. நீண்ட தூரப் பயணத்தில் பல நிறுவனங்கள் தாங்களே சாக்ஸோ ஸ்லிப்பரோ கொடுக்கின்றன. கழற்றிக்கொள்ளுங்கள், ஆனால் காலை மூடிக்கொள்ளுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது மூன்று இடங்கள்.

முதலில் டாய்லெட். அந்தத் தரையில் ஈரம் இருந்தால் அது கை கழுவிய தண்ணீர் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். விமானம் ஆடும்போது நின்றுகொண்டு சிறுநீர் கழிப்பவர் எல்லோரும் குறி தவறாமல் போவதில்லை. பறக்கும்போது நாங்கள் அவ்வப்போது பார்ப்போம், பேப்பர் மாற்றுவோம், துடைப்போம். ஆனால் தரையைக் கழுவுவது என்பது நடக்காத காரியம். வெறுங்காலோடு உள்ளே போகிறவர்களை வழியிலேயே நிறுத்தி எத்தனை முறை ஸ்லிப்பர் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. சாக்ஸோடு போவது இன்னும் மோசம், அது உறிஞ்சி எடுத்துக்கொண்டு சீட்டுக்கே வரும்.

இரண்டாவது, முன்வரிசைச் சுவர். கால் நீட்ட வசதி என்று அந்த வரிசையைக் கேட்டு வாங்குகிறார்கள், அப்புறம் இரண்டு பாதத்தையும் சுவரில் பதித்துக்கொள்கிறார்கள். நிறைய விமானங்களில் கைக்குழந்தைக்கான தொட்டிலை மாட்டுவது அதே சுவரில்தான். அடுத்த பயணத்தில் ஒரு குழந்தையின் கை படும் இடம் அது.

மூன்றாவது சாப்பாட்டு மேஜை. அதில் கால் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை.

ஜன்னலோரம், நீங்கள் எழுப்பாமல் இருந்தது உங்கள் நல்ல மனசு. ஆனால் எங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தலைக்கு மேல் இருக்கும் பட்டனை அழுத்தி, "பின்னால் இருப்பவர் கால் என் கைப்பிடியில் இருக்கிறது, கொஞ்சம் சொல்ல முடியுமா" என்றால் போதும். இது எங்கள் வேலை. சீருடையில் ஒருவர் வந்து மெதுவாகச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மன்னிப்புக் கேட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் தூக்கத்தில் போன கால்தான் அது.

---

இரவுப்பணி:

தோல் நோய்ப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். ஜன்னலோரம் உடம்பைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கைப்பிடியில் கால் பட்டதால் மட்டும் உங்களுக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். பாதத்தில் இருப்பவை பெரும்பாலும் எல்லோர் தோலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள்தான். தொற்றக்கூடியவை இரண்டு. ஒன்று சேற்றுப்புண், அதாவது விரலிடுக்கில் வரும் பூஞ்சை. பெரும்பாலும் டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற பூஞ்சையால் வருவது. உதிரும் தோல் செதில்கள் வழியாகவும், ஈரத் தரை வழியாகவும் பரவும். இன்னொன்று பாதத்தில் வரும் மரு, அது வைரஸ். இரண்டுக்குமே பிடித்தது ஈரமும் வெடித்த தோலும். கேபினில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், அதில் குதிகால் வறண்டு வெடிக்கும். வெடித்த பாதத்தோடு டாய்லெட்டின் ஈரத் தரையில் நடப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். அதாவது வெறுங்காலோடு நடப்பவர் முதலில் கெடுத்துக்கொள்வது தன் காலைத்தான்.

கைப்பிடி சுத்தமானது என்றும் சொல்லமாட்டேன். 2014ல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். விமானத்தின் உட்பகுதிப் பொருள்களில் கிருமிகளை வைத்து எவ்வளவு நாள் உயிரோடு இருக்கின்றன என்று பார்த்தார்கள். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ என்ற கிருமி சீட் பாக்கெட் துணியில் 168 மணி நேரம் வரை இருந்தது. ஈ கோலையின் மோசமான வகை ஒன்று கைப்பிடியில் 96 மணி நேரம் வரை இருந்தது. ஆய்வகத்தில் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தது அது. விமானத்தில் அவ்வளவு கிருமி இருக்கிறது என்று பொருள் இல்லை. ஆனால் ஒரு பரப்பில் வந்து சேர்ந்தது உடனே செத்துவிடாது என்பது தெரிகிறது. டாய்லெட் தரையில் நடந்த கால் கைப்பிடிக்கு வரும்போது அந்தத் தரையும் கூடவே வருகிறது. அதனால் சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், சீட்டில் உட்கார்ந்ததும் கைப்பிடியையும் மேஜையையும் ஒரு ஈரத் துடைப்பானால் துடைத்துவிடுங்கள். அவ்வளவு போதும்.

---

வழக்கப்பயணி:

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போமா? அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களான அமெரிக்கன், யுனைடெட், டெல்டா மூன்றின் பயண ஒப்பந்தத்திலும் வெறுங்காலோடு இருப்பவரை ஏற்ற மறுக்கலாம் என்று இருக்கிறது. காலணி இல்லாமல் விமானம் ஏற வராதே என்பதுதான் அதன் நோக்கம். உட்கார்ந்தபின் ஷூவைக் கழற்றுவதைப் பற்றி அங்கே எதுவும் இல்லை. நாற்றத்தைப் பற்றியும் தனியாக ஒரு வரி உண்டு: மற்றவர்கள் தாங்க முடியாத வாடை இருந்தால் ஏற்ற மறுக்கலாம், ஆனால் உடல் குறைபாட்டால் வருவதென்றால் விதிவிலக்கு. ஆக நேர்பேச்சு சொல்வது போல முழுத்தடை எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நான் சாக்ஸ் போட்டிருக்கிறேனே" என்பவர்கள் பாதுகாப்புச் சோதனையை நினைத்துப் பாருங்கள். 2001 டிசம்பர் 22 அன்று ஒருவர் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து மயாமி போகும் விமானத்தில் ஏறினார். கூட இருந்தவர்கள் மடக்கிவிட்டார்கள். அதன் பிறகு, 2006ல் இருந்து அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்று ஆனது. 2025 ஜூலையில்தான் அதை எடுத்தார்கள். மற்ற இடங்களில் இன்றும் சில வரிசைகளில் கழற்றச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர் நடந்த தரையில் நம் சாக்ஸ் நடந்துவிட்டுத்தான் கேபினுக்கு வருகிறது. நான் எப்போதும் கைப்பையில் ஒரு ஜோடி சாக்ஸ் தனியாக வைத்திருப்பேன். சோதனை முடிந்ததும் மாற்றிவிடுவேன். ஒரு நிமிட வேலை.

---

நேர்பேச்சு:

விதியில் இல்லை என்பதால் சரியாகிவிடுமா? நாற்றத்தைப் பற்றி அந்த ஒரு வரியைத் தவிர யாரும் பேசவில்லையே. போன மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஷூவைக் கழற்றிய நிமிடம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் காலைத் தரையில்தான் வைத்திருந்தார், யார் இடத்தையும் எடுக்கவில்லை. ஆனால் வாடை என் இடத்துக்கு வந்துவிட்டதே? அதற்கு எங்கே கோடு போடுவீர்கள்?

---

இரவுப்பணி:

நியாயமான கேள்வி. அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் தடுப்பது சுலபம்.

இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வியர்வைக்கு என்று பெரிய வாடை கிடையாது. மூடிய ஷூவுக்குள் அது தேங்கும்போது தோலில் இருக்கும் பாக்டீரியா அதிலுள்ள லூசின் என்ற பொருளை உடைத்து ஐசோவலேரிக் அமிலமாக்குகிறது. நமக்குத் தெரிகிற கால் நாற்றம் அதுதான். காலையில் ஷூவைப் போட்டு, விமான நிலையத்தில் ஓடி, வரிசையில் நின்று, சீட்டில் உட்கார்ந்து கழற்றும்போது அத்தனை மணி நேரம் சேர்ந்தது ஒரே நேரத்தில் வெளியே வருகிறது.

கேபின் காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை மாறுகிறது. பெரும்பாலான பெரிய விமானங்களில் இருக்கும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆனால் அது துகளைப் பிடிப்பது. வாடை வாயுவாக இருப்பதால் அதில் சிக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கேபினில் காற்று மேலிருந்து வந்து, கீழே தரையை ஒட்டிய சுவர் ஓரத் துளைகள் வழியாக வெளியேறுகிறது. கால் தரையில் இருந்தால் வாடையின் பெரும்பகுதி மேலே ஏறாமல் அந்த வழியாகவே போய்விட வாய்ப்பு இருக்கிறது. அதே காலைக் கைப்பிடிக்கோ முன்சுவருக்கோ தூக்கினால் மூக்கின் உயரத்துக்கு வந்துவிடும்.

கழற்ற நினைப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கிளம்பும் முன் காலை சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, புது சாக்ஸ் போடுவது. முந்தின நாள் போட்ட ஷூவை மறுநாள் போடாமல் இருப்பது, ஒரு ஷூ உள்ளே முழுக்கக் காய ஒரு நாளாவது வேண்டும். கழற்றும் முன் மாற்று சாக்ஸை எடுத்து வைத்துக்கொள்வது.

---

கைகால்ஈரம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நேர்பேச்சு சொன்ன அந்தப் பக்கத்து சீட்டு ஆளின் நிலையில் நான் இருந்திருக்கிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை காலில் வியர்வை அதிகம். உட்கார்ந்திருந்தாலே சாக்ஸ் நனையும். ஒருமுறை நீண்ட பயணத்தில் ஷூவைக் கழற்றினேன். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, கையை ஆட்டி, சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். அன்றைக்கு நான் கூனிக்குறுகிப் போனேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் எந்த விமானத்திலும் ஷூவைக் கழற்றியதில்லை. 12 மணி நேரம் என்றாலும் ஈர சாக்ஸோடு அப்படியே உட்கார்ந்திருப்பேன். இறங்கும்போது தோல் ஊறி வெளுத்திருக்கும்.

வாடை வந்தால் சகித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. என்னிடம் நேராக, மெதுவாகச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். பலருக்குத் தன் வாடை தனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

---

இரவுப்பணி:

கைகால்ஈரம், இதை எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு இருப்பது அதிவியர்வை என்று பெயர் உள்ள ஒரு பிரச்சினை, அழுக்காக இருப்பதால் வருவது இல்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள். அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வை தடுப்பு மருந்து உண்டு. இரவில் கால் நன்றாகக் காய்ந்தபின் பூசிக் காலையில் கழுவ வேண்டும். அது போதாவிட்டால் வேறு சிகிச்சைகளும் இருக்கின்றன. உள்ளங்காலில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பாக்டீரியாத் தொற்று, அதனால் வாடை பல மடங்கு கூடும். பூசும் மருந்திலேயே சில வாரங்களில் சரியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருடக்கணக்கில் ஷூவுக்குள் ஒளித்துக்கொண்டு இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

---

நேர்பேச்சு:

கைகால்ஈரம் நண்பரே, உங்கள் பதிவைப் படித்தபிறகு என் முதல் பதிவைத் திரும்பப் பார்த்தேன். கையை ஆட்டிக் காட்டியது நான் இல்லை, ஆனால் போன மாதம் நானும் முகத்தைச் சுளித்தேன். என் பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்கும். வாடையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அதைச் சொல்லும் முறையில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்.

---

மூன்றாம்வரிசை:

இவ்வளவு பேசுவானேன். போட்டோ எடுத்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட வேண்டியதுதான். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். கைப்பிடியில் கால் வைத்தவரின் படம், ஆயிரக்கணக்கானவர் பகிர்ந்தார்கள்.

---

பறந்தவள்:

மூன்றாம்வரிசை, அந்தப் படத்தால் உங்கள் கைப்பிடியில் இருந்த கால் இறங்கியதா? படம் எடுக்கும் நேரத்தில் பட்டனை அழுத்தியிருந்தால் இறங்கியிருக்கும். தூங்குகிற ஒருவரைப் படம் எடுத்ததால் கேபினில் சண்டை வந்து, இரண்டு பேரையும் வேறு வேறு வரிசைக்கு மாற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் புகார் சொல்ல வேண்டியவர் கடைசியில் தானே பதில் சொல்லும்படி ஆகிவிட்டது.

---

நெறியாளர்:

முன்பின் தெரியாதவர்களின் படங்களை இந்த இழையில் இணைக்க வேண்டாம். முகம் தெரியாவிட்டாலும் வேண்டாம். இதுவரை நல்லபடியாகப் போகிறது, தொடருங்கள்.

---

சர்க்கரைக்கணக்கு:

எனக்கு 20 வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி பாதிக்கு மேல் போய்விட்டது. விமானத்தில் காலைக் காற்றாட விடலாம் என்று சாக்ஸையும் கழற்றிவிட்டு, மரத்துப்போகாமல் இருக்க வழியில் இரண்டு நடை நடந்தேன். வந்து உட்கார்ந்து, தூங்கி, மறுபடி சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் உள்ளே காய்ந்த ரத்தம். பெருவிரலுக்குக் கீழே பிளாஸ்டிக் சில்லு ஒன்று ஏறியிருந்தது. உடைந்த கரண்டித் துண்டு மாதிரி இருந்தது. ஏறியதே எனக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. விரலை எடுக்கும் நிலை வராமல் தப்பினேன் என்று மருத்துவர் சொன்னார்.

சர்க்கரை இருப்பவர்கள் விமானத்திலும் சரி, வீட்டிலும் சரி, வெறுங்காலோடு நடக்கவே கூடாது. ஷூ இறுக்கினால் முன்பக்கம் மூடிய மெத்தென்ற செருப்பு ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிற சாக்ஸ் போடுங்கள், ரத்தம் வந்தால் கண்ணுக்காவது தெரியும்.

---

நீளக்கால்:

பெரியவரே, படிக்கவே நெஞ்சு பதறுகிறது. பிளாஸ்டிக் சில்லு தரையில் கிடக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இரவுப்பணி அக்கா, ஒரு சந்தேகம். ரத்தக்கட்டி வராமல் இருக்க ஷூவைக் கழற்ற வேண்டும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

---

இரவுப்பணி:

கழற்றுவதால் மட்டும் அது தடுக்கப்படாது தம்பி. கால் வீங்குவதற்குக் காரணம் கெண்டைக்கால் தசை வேலை செய்யாமல் இருப்பது. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ரத்தமும் நீரும் கீழே தேங்கும். இறுக்கமான ஷூவைத் தளர்த்தினால் வலி குறையும், அது நல்லதுதான். ஆனால் ரத்தம் ஓட வேண்டுமானால் காலை அசைக்க வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்குங்கள், பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். மணிக்கு ஒருமுறை சில நிமிடம் செய்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று சொன்னார்கள். இரண்டு மடங்கு என்றாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ரயில், பஸ், கார் எதில் உட்கார்ந்து போனாலும் இதே கதைதான்.

உங்களைப் போல உயரமானவர்களுக்கு அழுத்த சாக்ஸ் நல்ல வழி. முழங்கால் வரை வரும், கணுக்காலில் அதிகமாகப் பிடித்து மேலே போகப்போகத் தளரும். அறிகுறி காட்டாத ரத்தக்கட்டி, வீக்கம் இரண்டையும் அது குறைக்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பாதத்தையும் அது மூடிவிடுகிறது, அதனால் ஷூவைக் கழற்றினாலும் வெறுங்கால் என்ற பேச்சே இல்லை. ஆனால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. சர்க்கரைக்கணக்கு ஐயா, நீங்களும் கேட்டுவிட்டுத்தான்.

---

இருவரின்அம்மா:

குழந்தைகளோடு போகிறவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகனுக்கு நாலு வயது. ஏறியதும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு முன் சீட்டின் முதுகில் காலை வைத்து உதைப்பான். குழந்தைதானே என்று ஆரம்பத்தில் விட்டுவிட்டேன். ஒருமுறை முன்னால் இருந்த வயதான அம்மா திரும்பி, "எனக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது கண்ணு" என்று அவனிடமே சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது அவனுக்கு அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் போட்டுவிடுகிறேன், கால் வைக்க என் பையைக் கீழே வைத்துவிடுகிறேன். கால் எட்டாமல் தொங்குவதால்தான் உதைக்கிறான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அந்த அம்மா சொன்ன விதத்தையும் நான் மறக்கவில்லை. எனக்கு இப்படி இருக்கிறது என்று தன் பக்கத்தைச் சொன்னார், உன் பிள்ளை இப்படி என்று ஆரம்பிக்கவில்லை. பெரியவர்களிடமும் அப்படியே பேசலாம். "உங்கள் கால் என் கைமேல் படுகிறது, எனக்குத் தூங்க முடியவில்லை" என்றால் யாருக்கும் கோபம் வராது.

---

பறந்தவள்:

ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் எனக்கு முக்கியமானது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் ஷூவைப் போட்டுக்கொண்டு இருங்கள். நாற்றத்துக்காக இல்லை, உயிருக்காக.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் பதிய வைப்பது புறப்பட்ட முதல் 3 நிமிடமும் தரையிறங்கும் முன் கடைசி 8 நிமிடமும். விபத்துகள் பெரும்பாலும் அந்த நேரத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. ஒரு விமானத்துக்கு அனுமதி தரும் முன், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 நொடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அந்த 90 நொடியில் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஷூ தேட நேரம் இல்லை. வெளியே உடைந்த உலோகம் இருக்கும், எரிபொருள் சிந்தியிருக்கும், தரை சுடலாம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் தீப்பிடித்தது எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பைகளை விட்டுவிட்டு, சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். அந்த நிலையில் யார் காலில் என்ன இருந்ததோ அதோடுதான் ஓட வேண்டும். உயரமான ஹீல்ஸ் மட்டும் விதிவிலக்கு, அவசரத்தில் சறுக்கி இறங்கும் காற்று மெத்தையைக் கிழித்துவிடும் என்பதால் கழற்றச் சொல்வோம்.

அதனால் தரையிறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் ஷூவைப் போட்டு நாடாவைக் கட்டுங்கள். வீங்கிய காலுக்கு உடனே ஏறாது, முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

அப்புறம் ட்ராலி. நிறைத்து வைத்தால் 100 கிலோ வரை வரும். வழியில் நீட்டிய வெறுங்காலின் விரல்மேல் அது ஏறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தள்ளுகிறவளுக்குக் கீழே இருப்பது தெரியாது.

---

நீளக்கால்:

வழிப்பக்கம் உட்காருவதே காலை நீட்டத்தான். இனி ட்ராலி சத்தம் கேட்டால் உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

---

கைகால்ஈரம்:

மருத்துவரைப் பார்த்துவிட்டேன். இரவுப்பணி சொன்ன குழிகள் என் இரண்டு குதிகாலிலும் இருந்தன. பூசுவதற்கு மருந்து கொடுத்திருக்கிறார், மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

---

ஜன்னலோரம்:

இழையைத் தொடங்கியவன் நான்தான், ஆனால் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. நேற்று திரும்பும் பயணம் முடிந்தது. அதே ஜன்னல் பக்கம், அதே இரவு நேரம். ஏறியதும் கைப்பிடியையும் மேஜையையும் துடைத்தேன். சாக்ஸை மாற்றினேன்.

நம்ப மாட்டீர்கள், மூன்று மணி நேரத்தில் பின்னாலிருந்து மறுபடி ஒரு கால். இந்த முறை பெண்மணி ஒருவர். விழித்துத்தான் இருந்தார், படம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி, "உங்கள் கால் என் கையில் இடிக்கிறது, கொஞ்சம் எடுத்துக்கொள்ள முடியுமா" என்று கேட்டேன். சொல்லும்போது என் குரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது. அவர் சட்டென்று எடுத்துவிட்டார். முழங்காலில் வலி இருக்கிறது, மடக்கியே வைத்திருக்க முடியவில்லை, நீட்ட வேறு இடம் இல்லை என்றார். நான் பட்டனை அழுத்திப் பணிப்பெண்ணிடம் இதைச் சொன்னேன். பின்னால் ஒரு வரிசையில் இரண்டு சீட் காலியாக இருந்தது, அவரை அங்கே உட்காரவைத்து, காலை நீட்டிக்கொள்ள ஒரு தலையணையும் கொடுத்தார்கள்.

இறங்கும்போது வாசல் அருகே பார்த்தேன். குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். பையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.